ஃப்ரீரைடு ஸ்னோபோர்டு: நீங்கள் ஓட்டும் விதத்துக்கு எது பொருந்தும்?

கடைச் சுவரில் 'ஃப்ரீரைடு' என்று எழுதி மாட்டியிருக்கும் போர்டுகளை வரிசையாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று 162 செ.மீ. நீளம், கையால் அழுத்தினால் அசையாத விறைப்பு. பக்கத்தில் இருப்பது 150 செ.மீ.தான், ஆனால் அகலம் பெருத்து, வால் நடுவில் பிளந்திருக்கும். மூன்றாவதன் மூக்கு மட்டும் அரை போர்டு நீளத்துக்கு இருக்கும். மூன்றும் உருட்டிச் சீராக்கிய தடத்தை விட்டு விலகி, மலை கிடக்கிற கிடையில் ஓட்டுவதற்கானவை. விலகிப் போன பிறகு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதில்தான் அவை பிரிகின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீரைடு போர்டு வாங்குகிறவர்களில் பலர் தேவைக்கு மேல் ஒரு படி விறைப்பான போர்டை வாங்குகிறார்கள். காரணம் எளிது: விளம்பரப் படங்களில் இருப்பது அலாஸ்காவின் செங்குத்துச் சரிவுகள், வாங்குகிறவர் ஓட்டுவதோ மரங்களுக்கு நடுவே, கலைந்த பனியில், பாதி நாள் லிஃப்டுக்குத் திரும்பும் தடத்தில். அந்தப் பாதி நாளையும் கணக்கில் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மாடல்களுக்குப் போவதற்கு முன், இந்த வகைப் போர்டுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான சில சங்கதிகள். இவற்றுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று திசை உண்டு. பார்க்கில், அதாவது குதிப்பதற்கென்றே மேடுகள் அமைத்த இடத்தில், குதிக்கிறவர்களின் போர்டு இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே மூக்கு நீளமாகவும் அகலமாகவும், வால் குட்டையாகவும் ஒடுங்கியும் இருக்கும். இந்த அகல வித்தியாசத்துக்கு டேப்பர் என்று பெயர். சில போர்டுகளில் அது 5 மி.மீ.தான், பொடிப்பனிக்கென்றே செய்தவற்றில் 20 மி.மீ.க்கு மேலும் போகும். பூட்டைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டும் இடமும் நடுவிலிருந்து 2 செ.மீ. அல்லது அதற்கும் மேல் பின்னால் தள்ளி இருக்கும். பின்பாரம் ஏறிய மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே தூக்குமே, அதே கணக்கு. ஒடுங்கிய வால் பனியில் அமிழ, அகல மூக்கு தானாக மேலே வரும். சாதாரணப் போர்டில் ஆழமான பனிக்குள் போனவர்களுக்குத் தெரியும்: மூக்கைத் தூக்கிப் பிடிக்கப் பின்கால் தொடையை இறுக்கி இறுக்கி, மதியத்துக்குள் கால் எரிய ஆரம்பித்துவிடும்.

அடுத்தது கேம்பரும் ராக்கரும். கேம்பர் போர்டைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழுந்து நிற்கும். ஏறி நின்றதும் அழுந்தித் தட்டையாகி, அந்த அழுத்தத்தை விளிம்பின் முழு நீளத்துக்கும் அனுப்பும். கெட்டிப்பனியில் பிடிப்பு கிடைப்பது இதனால்தான். ராக்கர் இதற்கு நேர் எதிர். முனைகள் தரையிலிருந்து முன்கூட்டியே எழும். பனிக்கு மேல் மிதக்கும், விளிம்பு எளிதில் மாட்டாது, ஆனால் இறுகிய பனியில் வழுக்கும். இன்றைய ஃப்ரீரைடு போர்டுகளில் பெரும்பாலானவை இரண்டையும் கலந்தவை: மூக்கில் ராக்கர், கால்களுக்கு அடியில் கேம்பர். ராக்கர் மூக்கோடு நிற்கிறதா, முன்கால் வரைக்கும் வந்துவிடுகிறதா என்பதைப் பாருங்கள். முன்கால் வரை வந்தால் தடத்தில் திரும்பும்போது விளிம்பு பிடிக்கத் தாமதமாகும்.

சரி, போர்டுகளுக்கு வருவோம்.

செங்குத்தும் வேகமும் பிடித்தவர்களுக்கான போர்டு என்றால் முதலில் வரும் பெயர் ஜோன்ஸ் நிறுவனத்தின் ஃப்ளாக்ஷிப். அலாஸ்காவின் பெரிய மலைகளில் பெயர் எடுத்த ஜெரமி ஜோன்ஸ் 2009இல் தொடங்கிய நிறுவனம் அது. ஃப்ளாக்ஷிப்பின் விறைப்பு நிறுவனத்தின் சொந்த அளவுகோலில் பத்துக்கு எட்டு. மூக்கில் ராக்கர், கால்களுக்கு நடுவே கேம்பர், விளிம்பில் கூடுதல் பிடிப்புக்காக லேசான அலை வளைவுகள். மூக்கின் அடிப்பகுதி படகின் அடியைப் போல ஓரங்களில் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் கலைந்த பனியில் விளிம்பு மாட்டாமல் மேலேறிக் கடந்துவிடும்.

இந்த வகைப் போர்டின் அருமை வேகத்தில்தான் தெரியும். சுவிட்சர்லாந்தின் வெர்பியேயில் 3,223 மீட்டர் உயரமுள்ள பெக் டே ரோஸ் என்ற பாறைமுகத்தில் 1996 முதல் எக்ஸ்ட்ரீம் போட்டி நடக்கிறது. தொடக்கத்தில் அது ஸ்னோபோர்டு ஓட்டுகிறவர்களுக்கு மட்டுமான போட்டி. பாறைகளுக்கு நடுவே ஒரு திருப்பம் தவறினால் விழுந்துகொண்டே போகவேண்டிய அப்படிப்பட்ட இடத்தில், காலடியில் போர்டு அதிரக்கூடாது. விறைப்பு அந்த நிதானத்தைத் தருகிறது. ஆனால் விலையும் உண்டு. விறைப்பான போர்டை வளைக்க வேகமோ எடையோ வேண்டும். மரங்களுக்கு நடுவே மெதுவாக வரும்போது அது வளையாது. நீங்கள்தான் இடுப்பைத் திருப்பித் தள்ள வேண்டியிருக்கும். உடல் எடை 60 கிலோவுக்குக் கீழே இருந்தால் இது இன்னும் அதிகமாக உறைக்கும். கடையில் கையால் அழுத்திப் பார்த்து "நல்ல கெட்டி" என்று மகிழ்கிறவர்கள், நாள் முடியும் மாலை 3 மணிக்குத் தம் கால் எப்படி இருக்கும் என்பதை யோசிப்பதில்லை.

அதற்கு ஒரு படி கீழே, என் பார்வையில் அதிகம் பேருக்குப் பொருந்தும் இடத்தில் இருப்பது பர்ட்டனின் ஃப்ளைட் அட்டெண்டன்ட் போன்ற போர்டுகள். மூக்கில் மட்டும் ராக்கர், மீதி எல்லாம் கேம்பர், மிதமான டேப்பர், நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு. செங்குத்தில் ஃப்ளாக்ஷிப் அளவுக்கு இறுக்கமாக நிற்காதுதான். ஆனால் காலையில் பொடிப்பனி, பத்தரை மணிக்கு எல்லோரும் ஓட்டிக் கலைத்த பனி, மதியம் தடத்தில் கார்விங் (விளிம்பில் சாய்ந்து பனியில் கோடு வெட்டித் திரும்புவது) என்று ஒரு சராசரி நாள் எதைத் தந்தாலும் வாங்கிக்கொள்ளும். முதல் ஃப்ரீரைடு போர்டாக எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த வகையைத்தான். நிறுவனம் எதுவானாலும் பரவாயில்லை, இந்த வடிவத்தைப் பாருங்கள்.

குட்டையும் அகலமுமான போர்டுகள் தனிக் கதை. நீளத்தைக் குறைத்து, குறைத்த பரப்பளவை அகலத்தில் ஈடுகட்டுவது இவற்றின் உத்தி. பனியில் மிதக்கத் தேவை மொத்தப் பரப்பளவு; அது நீளத்தில் கிடைத்தாலும் அகலத்தில் கிடைத்தாலும் மிதக்கும். குட்டையாக இருப்பதால் மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்பும். இதில் அதிகம் பேசப்படுவது லிப் டெக்கின் ஓர்கா. அமெரிக்காவின் ஜாக்சன் ஹோலைச் சேர்ந்த ஸ்னோபோர்டு வீரர் ட்ராவிஸ் ரைஸின் பெயரில் வரும் போர்டு. பிளந்த வால், கால்களுக்கு நடுவே லேசான ராக்கர், அங்கிருந்து முனைகளை நோக்கி கேம்பர், விளிம்பு முழுக்க அலை அலையாக மேக்னட்ராக்‌ஷன். ரைடு நிறுவனத்தின் வார்பிக், ஜோன்ஸின் ஹோவர்கிராஃப்ட் ஆகியவையும் இதே குடும்பம். ஹோவர்கிராஃப்ட் அவற்றில் கொஞ்சம் விறைப்பானது.

இவற்றை வாங்கும்போது வழக்கமான நீளத்திலிருந்து 3 முதல் 6 செ.மீ. வரை குறைக்க வேண்டும். "எப்போதும் 158தான் ஓட்டுகிறேன், இதிலும் 158 கொடுங்கள்" என்று வாங்கினால் ஒரு கதவையே காலில் கட்டிக்கொண்ட மாதிரிதான். குறைகளும் இருக்கின்றன. அகலப் போர்டை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு மாற்ற நேரம் பிடிக்கும். சிறிய பாதம் உள்ளவர்களுக்கு விளிம்பின் மேல் நெம்புவிசையே கிடைக்காது. இறுகிய, மேடுபள்ளமான பனியில் வேகம் எடுத்தால் குட்டை மூக்கு தட்டுத்தடுமாறும். காட்டிலும் பொடிப்பனியிலும் இதைவிடக் குதூகலமான போர்டு கிடையாது. ஆனால் ஒரே ஒரு போர்டு வைத்துக்கொள்கிறவர் இதை வாங்கினால், பனி விழாத வாரங்களில் ஏங்குவார்.

நான்காவது வழி ஜப்பானிலிருந்து வருகிறது. ஹொக்கைடோவின் நிசெகோவில் தாரோ தாமாய் தொடங்கிய ஜென்டெம்ஸ்டிக், கடலலைச் சறுக்கலின் மனநிலையோடு போர்டு செய்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்கே மலைகளில் கொட்டுகிறது. நாள்தோறும் என்று சொல்லுமளவுக்கு, லேசான உலர்ந்த பனி. அங்கே குதிப்பதோ பாறையிலிருந்து பாய்வதோ முக்கியமில்லை. ஒரு பள்ளத்தின் சுவரில் ஏறி, வளைந்து, இறங்கி, அடுத்த சுவருக்குப் போகும் கோடுதான் முக்கியம். நீண்ட அகல மூக்கு, நிறைய டேப்பர், குட்டை வால், அடியில் உயிருள்ள கேம்பர். ஐரோப்பாவில் கொருவா நிறுவனமும் இந்த வழியில் போகிறது, தடத்தில் ஆழமாகக் கார்வ் செய்வதற்கும் சேர்த்து. இந்தச் சிந்தனை ஒன்றும் புதிதல்ல. 1970களில் யூட்டாவில் டிமிட்ரி மிலோவிச் வின்டர்ஸ்டிக் என்ற பெயரில் பிளந்த வால் போர்டுகளைச் செய்தபோதே கடலலைப் பலகைதான் அவருக்கு முன்மாதிரி.

இந்த வகையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னோக்கி ஓட்டுவதை ஏறக்குறைய மறந்துவிட வேண்டும். குட்டை வால் முன்னால் வந்தால் பனியில் குத்தும். சும்மா விளையாட்டுக்கு 180 பாகை திரும்பி இறங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது இரண்டே நாளில் அலுத்துவிடும்.

ஃப்ரீரைடு போர்டே வேண்டாம் என்ற தேர்வையும் சொல்ல வேண்டும். பர்ட்டன் கஸ்டம் 1990களிலிருந்து வருகிறது. எல்லா இடத்துக்குமான போர்டு. பார்க்கிலும் குதிக்கலாம், தடத்திலும் பறக்கலாம், முழங்காலளவு பனியில் பைண்டிங்கைப் பின்னால் தள்ளிச் சமாளிக்கலாம். தடத்தை விட்டு விலகுவது உங்களுக்கு எப்போதாவதுதான் என்றால், மிச்சப்படும் பணத்தில் ஒரு பயணத்தையே கூட்டிக்கொள்ளலாம்.

ஸ்பிளிட்போர்டு என்று இரண்டாகப் பிரியும் வகையும் இருக்கிறது. ஏறும்போது இரண்டு ஸ்கீகளாக்கி அடியில் பின்னால் வழுக்காமல் பிடிக்கும் ஸ்கின் பட்டையை ஒட்டி நடந்து ஏறலாம், உச்சியில் ஒன்றாக இணைத்து இறங்கலாம். ஜோன்ஸின் சொல்யூஷன், ஃப்ளாக்ஷிப்பின் ஸ்பிளிட் வடிவம். ஆனால் தனி பைண்டிங், ஸ்கின் என்று செலவு கூடிக்கொண்டே போகும். லிஃப்டில் ஏறி இறங்கும் நாட்களுக்கு முழுப் போர்டுதான் சுகம். வருடத்தில் பல நாள் நடந்து ஏறுகிறவர்களுக்கு மட்டுமே இது முதல் போர்டாகும்.

இப்போது உங்கள் பனி. பாணியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் ஒருவரின் பாணியைப் பாதி தீர்மானிப்பது அவர் ஓட்டும் மலைதான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம், அதாவது விஸ்லர், மவுண்ட் பேக்கர் பக்கம், பனி கொட்டும். 1998–99 பருவத்தில் மவுண்ட் பேக்கரில் 1,140 அங்குலம் விழுந்தது, அதாவது ஏறக்குறைய 29 மீட்டர். பனிச்சறுக்கு மையங்களில் உலக சாதனை. ஆனால் கடல் பக்கம் என்பதால் கனத்த ஈரப்பனி. கனத்த பனி போர்டைத் தூக்கிப் பிடிக்கும். அங்கே மிதப்பதைவிட, கலைந்து கட்டியான பனியைக் கிழித்துப் போவதுதான் சவால். விறைப்புக்கு அங்கே மதிப்பு உண்டு. யூட்டாவிலும் ஹொக்கைடோவிலும் பனி உலர்ந்தது, பிடிமானம் இல்லாதது. பரப்பளவும் டேப்பரும் கை கொடுக்கும். ஆல்ப்ஸில் நல்ல பனி விழுந்த மூன்றாம் நாளிலிருந்து காற்று அடித்து இறுகிய சரிவுகள்தான். அங்கே கேம்பரும் விளிம்புப் பிடிப்பும் இல்லாமல் முடியாது.

டொராண்டோ பக்கத்துத் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ப்ளூ மவுண்டனின் மொத்த இறக்கம் சுமார் 220 மீட்டர், பெரும்பாலும் இறுகிய செயற்கைப்பனி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக்கில் இறக்கம் 1,713 மீட்டர். வருடத்துக்கு ஒரு வாரம் ரெவல்ஸ்டோக்கும், மற்ற வார இறுதிகளெல்லாம் ப்ளூ மவுண்டனும் என்றால், கேம்பர் அதிகமுள்ள நடுத்தர விறைப்புப் போர்டு வாங்குங்கள். அந்த ஒரு வாரத்தில் பனி கொட்டினால் அங்கேயே பொடிப்பனிப் போர்டை வாடகைக்கு எடுக்கலாம். ஓர்காவை ஒன்டாரியோவின் பனிக்கட்டி மேல் தேய்ப்பது அந்தப் போர்டுக்குச் செய்யும் அநியாயம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு குல்மர்க். கொண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் வரை கொண்டுபோய் விடும். மேலே திறந்த அகன்ற சரிவுகள், கீழே காடு. உருட்டிய தடம் மிகக் குறைவு. மேலே வேகமும் கீழே சுலபத் திருப்பமும் ஒரே ஓட்டத்தில் தேவைப்படும் இடம் என்பதால் அங்கேயும் என் ஓட்டு நடுத்தர வகைக்கே, வழக்கத்தைவிட 2 செ.மீ. நீளமாக.

அளவு விஷயத்தில் உயரத்தை மறந்துவிடுங்கள். தாடைவரை வர வேண்டும், மூக்குவரை வர வேண்டும் என்பதெல்லாம் வாடகைக் கடையின் அவசரக் கணக்கு. போர்டுக்குத் தெரிவது உங்கள் எடையும் பூட்டின் நீளமும்தான். 75 கிலோ எடையுள்ளவர் நீண்ட திசைப் போர்டில் 158 முதல் 161 வரை பார்க்கலாம். துல்லியமாக நிறுவனத்தின் எடை அட்டவணை சொல்லும். பூட் ஐரோப்பிய அளவில் 43 என்றால் போர்டின் இடுப்பகலம், அதாவது அதன் ஒடுங்கிய நடுப்பகுதியின் அகலம், 25 முதல் 25.5 செ.மீ. சரியாக இருக்கும். 45க்கு மேல் போனால் 26க்குக் குறையாமல் அகலப் பதிப்பு வேண்டும். இல்லாவிட்டால் செங்குத்தில் போர்டைச் சாய்க்கும்போது கால்விரல் பனியில் தேய்ந்து விளிம்பு பிடி விட்டுவிடும்.

'பெண்களுக்கானது' என்ற முத்திரையையும் இந்த இரண்டு எண்களை வைத்தே பாருங்கள். அந்தப் பதிப்புகள் பொதுவாக ஒடுங்கிய இடுப்பும் சற்றுக் குறைந்த விறைப்பும் உடையவை. சிறிய பூட் அணியும் எடை குறைந்த ஆணுக்குப் பெண்கள் பதிப்பு நன்றாகப் பொருந்தலாம்; பெரிய பூட் அணியும் பெண்ணுக்கு ஆண்கள் பதிப்பு பொருந்தலாம். அப்புறம், விறைப்பு எண்களை ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். ஒருவரின் ஏழும் இன்னொருவரின் ஏழும் ஒன்றல்ல. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது.

ஆளுக்கு ஏற்ப என் முடிவு இதுதான். மூன்று பேர் கேட்டால் மூன்று பதில் சொல்வேன். வேகமாக ஓட்டி, மலைமுகத்தை மேலிருந்து கீழ்வரை நாலைந்து பெரிய திருப்பங்களில் முடிக்கிறவர், எடையும் கால்பலமும் உள்ளவர் என்றால் ஃப்ளாக்ஷிப். காட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கிறவர், ஏற்கெனவே தடத்துக்கு ஒரு கேம்பர் போர்டு வைத்திருக்கிறவர் என்றால் ஓர்காவோ ஹோவர்கிராஃப்டோ. வேகத்தைவிடத் திருப்பத்தின் வடிவத்தை ரசிக்கிறவர், குதிக்கும் ஆசை தீர்ந்தவர் என்றால் ஜென்டெம்ஸ்டிக் அல்லது கொருவா. இந்த மூன்றில் தன்னை எதிலும் உறுதியாக வைக்க முடியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குத்தான் ஃப்ளைட் அட்டெண்டன்ட் வகை.

பணத்தைப் பற்றி. நல்ல புதுப் போர்டு பொதுவாக 600 அமெரிக்க டாலருக்கு மேல். ஜென்டெம்ஸ்டிக் அதையும் தாண்டிப் போகும். பருவம் முடியும் மார்ச், ஏப்ரலில் அதே போர்டு நல்ல தள்ளுபடியில் கிடைக்கும். அடுத்த வருடம் மாறுவது பெரும்பாலும் மேல் ஓவியம்தான். பனிச்சரிவில் புதைந்தவரைச் சமிக்ஞையால் தேடும் டிரான்ஸ்சீவர், மண்வெட்டி, பனியில் குத்தித் தேடும் நீள்கம்பி மூன்றும் இல்லாதவர் முதலில் அவற்றை வாங்கி, அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியையும் எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தில் பழைய போர்டு வாங்கட்டும். தடத்துக்கு வெளியே இது விவாதத்துக்குரிய விஷயமே இல்லை. காட்டில் ஓட்டுகிறவர்கள் ஊசியிலை மரங்களின் அடியில் கிளைகளுக்குக் கீழே மறைந்திருக்கும் மென்பனிக் குழிகளை மறக்க வேண்டாம். தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வர முடியாது, கண்ணுக்கெட்டும் தூரத்தில் துணை வேண்டும்.

பழைய போர்டு பார்க்கும்போது மேற்பரப்பின் கீறல்களைப் பொருட்படுத்தாதீர்கள். அடியைத் திருப்பி, மரம் தெரியும் அளவுக்கு ஆழமான வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே ஈரம் உள்ளே போயிருக்கும். எஃகு விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுக்கொண்டே போனால் விரிசல் தட்டுப்படும். முனைகளில் அடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். கேம்பர் போர்டைச் சமதளத்தில் வைத்தால் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். ஒட்டிக் கிடந்தால் அதன் உயிர் போய்விட்டது. அடிப்பகுதி சின்டர்ட் வகையாக (பிளாஸ்டிக் பொடியை அழுத்திச் செய்தது) இருந்தால் வேகம் கூடும், ஆனால் அடிக்கடி வாக்ஸ், அதாவது மெழுகு, கேட்கும். வாக்ஸ் போடச் சோம்பல் உள்ளவர் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வாங்கியாயிற்று என்றால், பைண்டிங்கை நிறுவனம் குறித்திருக்கும் இடத்திலேயே மாட்டித் தொடங்குங்கள். முன்கால் கோணம் 18 முதல் 21 பாகை, பின்கால் பூஜ்யத்துக்கு அருகில் அல்லது லேசாக முன்னோக்கி. பின்னோக்கி ஓட்டுகிறவர்கள் மட்டும் பின்காலை வெளியே திருப்பிக்கொள்ளட்டும். ஆழமாகப் பனி விழுந்த அன்று இரண்டு பைண்டிங்கையும் 2 செ.மீ. அளவுக்குப் பின்னால் தள்ளினால் ஃப்ளாக்ஷிப்போ கஸ்டமோ வேறு போர்டு மாதிரி மிதக்கும். மறுநாள் தடத்துக்குத் திரும்பும்போது அவற்றை முன்னால் கொண்டுவர மறந்தால், திருப்பத்தைத் தொடங்கவே போர்டு மறுக்கும். அதனால் ஒரு குட்டி ஸ்குரூ டிரைவர் கோட்டுப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.